நெல்லிக்காயும் நெடுங்கடலும்

சிங்கப்பூரில் என் வீட்டுச் சாளரத்திலிருந்து பார்த்தால் நாள்தோறும் கப்பல்கள் தெரிகின்றன. ஆனால் தருமபுரியில் நாங்கள் ஒன்பதாம் வகுப்புப் படித்த 1984ஆம் ஆண்டில், வகுப்பில் கடலைக் கண்டவர் ஒருவரும் இல்லை. எங்களுக்குத் தெரிந்த பெருநீர் ஒகேனக்கல் காவிரி. கலம் என்றால் பரிசல். அந்தப் பிள்ளைகளுக்குக் கடற்பயணங்களின் வரலாற்றைச் சொல்ல வந்த எங்கள் வரலாற்று ஐயா, ஒரு மஞ்சள் பை நிறைய நெல்லிக்காய் கொண்டுவந்தார். ஆளுக்கொன்று கொடுத்து, மென்று முடிக்கும்வரை பேசாமல் நின்றார். பிறகு குழாயடிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவரச் சொன்னார். நாவில் இனிப்பு ஊறிக்கொண்டிருக்கும்போதே பாடம் தொடங்கியது.

"நம் தகடூர் அதியமான் ஔவைக்குக் கொடுத்தது இது. மெகல்லனின் கப்பலில் இது இல்லை" என்றார்.

1520 நவம்பர் இறுதியில் பசிபிக் பெருங்கடலுக்குள் நுழைந்த மெகல்லனின் ஆட்கள், மூன்று மாதத்துக்கும் மேலாகப் புதிய உணவின்றித் தவித்தனர். பாய்மரத்தில் சுற்றியிருந்த மாட்டுத்தோலைக் கடல்நீரில் நாலைந்து நாள் ஊறவைத்து, தணலில் வாட்டித் தின்றதாக உடன் சென்ற பிகாபெட்டா எழுதியிருக்கிறார். ஈறு வீங்கிப் பல்லை மூடிக்கொண்டதால் தின்ன முடியாமலே மாண்டவர்களும் உண்டு. வாஸ்கோ ட காமாவின் ஆட்களுக்கும் அதே கதிதான். ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையிலுள்ள மாலிந்தியிலிருந்து 23 நாளில் நம் மேற்குக் கரைக்கு வந்தவர்கள், 1498 அக்டோபரில் வாடைக்காற்று நிலைபெறும் முன்பே திரும்பியதால், மறுகரை சேர ஏறக்குறைய மூன்று மாதம் ஆயிற்று. வழியில் சுமார் 30 பேர், நெடுநாள் புதிய காய்கனி உண்ணாததால் வரும் ஸ்கர்வி நோயால் இறந்தனர்.

ஐயா நெடுநேரம் நின்று பேசியது ஜேம்ஸ் லிண்டைப் பற்றித்தான். 1747இல் சாலிஸ்பரி என்ற போர்க்கப்பலில், அந்த மருத்துவர் ஸ்கர்வி கண்ட 12 பேரை இருவர் இருவராகப் பிரித்து, காடி, கடல்நீர், நீர்த்த கந்தக அமிலம் என ஒவ்வொரு இணைக்கும் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார். நாள்தோறும் இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும் பெற்ற இருவரே விரைவில் தேறினர். ஆறாம் நாளில் பழம் தீர்ந்தபோது அவர்களில் ஒருவர் வேலைக்குத் திரும்பும் நிலையில் இருந்தார். லிண்டின் நூல் 1753இல் வெளிவந்தது. பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்க முன்வந்ததோ 1795இல். அந்த 42 ஆண்டுகளைக் கரும்பலகையில் எழுதி ஐயா இருமுறை அடிக்கோடிட்டார். சுண்ணக்கட்டி ஒடிந்து விழுந்தது. அவர் கோபப்பட்டு நான் கண்டது அன்று ஒருநாள்தான்.

"அதியமான் ஒருவருக்குத்தானே கொடுத்தான், ஐயா? கப்பல் முழுவதற்கும், அதுவும் மாதக்கணக்கில், எப்படிக் கொடுப்பது?" என்று கடைசி வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி என்று சொல்லி, மறுவாரம் ஐயா ஒரு பீங்கான் சாடியோடு வந்தார். உள்ளே உப்பில் ஊறிய நெல்லிக்காய். 1768இல் புறப்பட்ட கேப்டன் குக், கரை கண்ட இடமெல்லாம் பச்சைக் கீரை பறிக்கச் சொன்னதோடு, உப்பிட்டுப் புளிக்கவைத்த முட்டைக்கோசையும் பீப்பாய் பீப்பாயாக ஏற்றிச் சென்றார். மாலுமிகள் முதலில் அதைத் தொடவில்லை. குக் அவர்களை வற்புறுத்தாமல், அதிகாரிகளின் மேசையில் மட்டும் நாள்தோறும் பரிமாறச் செய்தார். ஒரு வாரத்துக்குள் எல்லோரும் கேட்கத் தொடங்கி, அளவு வைத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

சுருங்கிப் பழுப்பேறிக் கிடந்த காய்களைப் பார்த்து நாங்கள் வேண்டாமென்று தலையசைத்தோம். ஐயா எதுவும் சொல்லாமல், தாமே ஒன்றை எடுத்து வாயிலிட்டுக்கொண்டு, சாடியை மூடாமல் மேசைமீது வைத்துவிட்டு, குக்கின் வழியை உலகப் படத்தில் வரையத் திரும்பினார்.