அம்மா ரத்தத்தில் இரண்டு மேடு: ஆய்வக நாட்குறிப்பு

ஜூலை 1, 2024, திங்கள்

தென்மாவட்டத்திலிருந்து ஒரு குழந்தை மருத்துவர் போன் செய்தார். மூன்று வயதுப் பையன். பிறந்ததும் போட்ட பிசிஜி ஊசிக்கு (வலுவிழக்கச் செய்த, ஆனால் உயிருள்ள கிருமியால் ஆன காசநோய்த் தடுப்பூசி) பிறகு இடது அக்குளில் நெறிகட்டிச் சீழ் பிடித்து, ஆறவே மாதக்கணக்காகியிருக்கிறது. போன வருஷம் ஆசனவாய் ஓரம் கட்டி. இப்போது நுரையீரலில் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை. "வெள்ளையணு எண்ணிக்கை சரியா இருக்கு மேடம், இம்யூனோகுளோபுலினும் நார்மல்தான்" என்றார்.

எண்ணிக்கை சரி, அந்த அணுக்கள் வேலை செய்கின்றனவா? அதைச் சாயம் போட்டுப் பார்க்கும் டிஎச்ஆர் (டைஹைட்ரோரோடமின்) பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னேன். ஹெப்பாரின் போட்ட பச்சை மூடிக் குழாய், ஐஸ் வைக்கக் கூடாது, அப்பா அம்மா ரத்தமும் கூடவே வேண்டும். ராத்திரி பஸ்ஸில் பார்சல் போட்டுவிட்டார்கள்.

ஜூலை 2, செவ்வாய்

காலையிலேயே குழாய்கள் வந்துவிட்டன. நியூட்ரோஃபில்கள், அதாவது கிருமியை விழுங்கும் வெள்ளையணுக்கள், உடம்புக்கு வெளியே அதிக நேரம் தாங்காது, அதனால் வேறு வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு இதில் இறங்கினேன்.

ஒவ்வொருவர் ரத்தத்தையும் இரண்டாகப் பிரித்து, ஒன்றில் மட்டும் அணுக்களைத் தூண்டிவிடும் பிஎம்ஏ சேர்த்து, 37 டிகிரியில் வைத்தேன். டைஹைட்ரோரோடமின் சாயம் தானாக ஒளிராது. அணுவுக்குள் என்ஏடிபிஎச் ஆக்சிடேஸ் என்ற நொதி ஆக்சிஜனை சூப்பராக்சைடாக மாற்ற, அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகி, அது சாயத்தை ரோடமினாக்கினால்தான் பச்சையாக ஒளிரும். விழுங்கிய கிருமியைக் கொல்லவும் நியூட்ரோஃபிலுக்கு இதே நொதி வேண்டும்.

அணுக்களின் ஒளிர்வை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரின் திரையில் அப்பாவின் வரைபட மேடு முழுசாக வலப்பக்கம், அதாவது ஒளிரும் பக்கம், நகர்ந்தது. பையனுடையது பிஎம்ஏ போட்டும் போடாத இடத்திலேயே நின்றது. அம்மாவுக்கு இரண்டு மேடு: பாதி அணுக்கள் ஒளிர்கின்றன, பாதி ஒளிரவில்லை. மைலோபெராக்சிடேஸ் என்ற இன்னொரு நொதி குறைந்தாலும் டிஎச்ஆர் தப்பாகக் காட்டும் என்ற சந்தேகத்துக்கு இனி இடமில்லை. என்ஏடிபிஎச் ஆக்சிடேஸின் ஒரு பகுதியை உருவாக்கும், எக்ஸ் குரோமோசோமில் உள்ள சிஒய்பிபி மரபணுவில்தான் கோளாறு. பெண்ணின் ஒவ்வொரு அணுவிலும் இரண்டு எக்ஸில் ஒன்று அணைந்துவிடுவதால் அம்மாவுக்கு இப்படிக் கலந்து வருகிறது. க்ரானிக் கிரானுலோமேட்டஸ் டிசீஸ், சிஜிடி: விழுங்கிய கிருமியை வெள்ளையணுவால் கொல்ல முடியாத பரம்பரை நோய்.

எத்தனையோ பார்த்தாயிற்று. ஆனாலும் அந்த இரண்டு மேட்டைப் பார்க்கும்போது அந்தப் பெண்ணிடம் இதை யார், எப்படிச் சொல்வார்கள் என்றுதான் மனசு ஓடுகிறது.

ஜூலை 5, வெள்ளி

டாக்டர் அம்மாவையே போனில் பேசவைத்தார். "என் தம்பியும் நாலு வயசுல நிமோனியான்னு சொல்லித்தான் போனான் மேடம். அதை யாரும் கேக்கவே இல்ல." பிசிஜி போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: அம்மா வழியில் சின்ன வயதில் இறந்த ஆண் குழந்தை உண்டா? ஒரு நிமிஷம்கூட ஆகாது. கேட்டே ஆக வேண்டும் என்பேன்.

1957-இல் மினசோட்டாவில் இந்த நோயை விவரித்தவர்கள் பெயரிலேயே 'உயிர்க்கொல்லி' என்று சேர்த்தார்கள். இன்று அப்படியில்லை. தினமும் பாக்டீரியாவைத் தடுக்க கோட்ரைமாக்சசோல், பூஞ்சையைத் தடுக்க இட்ராகோனசோல். பொருத்தமான கொடையாளி கிடைத்தால் எலும்பு மஜ்ஜை மாற்று. இவனுக்கு முதலில் வோரிகோனசோலில் பூஞ்சை அடங்கட்டும்.

பேச்சுக்கு நடுவே அந்த அம்மா தான் ஆறு மாதம் என்றார். மகனாகப் பிறந்தால் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கர்ப்பகால அட்டையில் சிவப்பு மையில் எழுதச் சொன்னேன்: 'டிஎச்ஆர் முடிவு வரும்வரை குழந்தைக்கு பிசிஜி போடக் கூடாது.'

அக்டோபர் 1, செவ்வாய்

ஆண் குழந்தை. பிரசவ வார்டில் அட்டையைப் பார்த்து ஊசியை நிறுத்திவைத்திருக்கிறார்கள். அந்த நர்ஸுக்கு என் நன்றி. தொப்புள்கொடி ரத்தம் இன்று வந்தது. கூடவே வந்த ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தையும் ஓட்டினேன். இரண்டிலும் மேடு முழுசாக வலப்பக்கம்.

பிசிஜி போடலாம் என்று சொல்லிவிட்டேன். மஜ்ஜை மாற்றுக்குப் பொருந்த வேண்டிய திசு அடையாளமான எச்எல்ஏ, நோயுள்ள அண்ணனுக்கு அவன் அக்காவுடையது பொருந்தவில்லை. இந்தக் குழந்தையுடையதை அடுத்து பார்க்கப்போகிறார்கள்.