செம்பில் ஒரு குருசடி

நவம்பர் 2 அன்று வரும் கல்லறைத் திருநாளுக்காக, இந்த முறை அம்மாச்சியின் கல்லறையில் வைக்கச் செம்புத் தகட்டில் ஒரு குருசடி செய்தேன். குருசடி என்பது எங்கள் குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் தெருமுனையில் சிலுவையோ சுரூபமோ வைத்துக் கட்டியிருக்கும் சிற்றாலயம். நான் செய்தது ஒரு சாண் உயரமே இருக்கும். முன்புறம் இரண்டு கதவுகள், உள்ளே ஒரு மெழுகுதிரி நிற்பதற்கு இடம்.

வடிவம் எங்கள் ஊருடையது அன்று. மெக்சிகோவில் இத்தகைய பெட்டிக் கோயிலை ‘நிச்சோ’ என்கிறார்கள். அங்கே நவம்பர் 1 இறந்த குழந்தைகளுக்கும், 2 பெரியவர்களுக்கும் உரிய நாள்கள். வீட்டில் படையல் மேடை அமைத்து, இறந்தவரின் படம், தண்ணீர், உப்பு, மெழுகுதிரி, ரொட்டி, அவர் விரும்பி உண்ட பொருள்கள் ஆகியவற்றை வைத்து, ஆன்மா வழி தவறாமல் வந்து சேர்வதற்காக மஞ்சள் பூவைப் பாதையாகத் தூவுகிறார்கள். அந்தப் பூ வேறெதுவும் இல்லை, தோவாளைச் சந்தையில் குவித்து விற்கும் நம் கேந்திதான் (செண்டுமல்லி). மெக்சிகோவின் நாவாட்டில் மொழியில் அதற்கு ‘இருபது பூ’ என்ற பொருளில் பெயர் உண்டு. நாம் சாமிக்கும் சவத்துக்கும் சேர்த்தே வாங்கும் இந்தப் பூ அவர்கள் மண்ணிலிருந்து வந்தது என்று அறிந்த நாளிலிருந்தே அந்தத் திருநாளின்மேல் எனக்கு ஓர் உறவு தோன்றிவிட்டது.

அம்மாவுக்குத் தோன்றவில்லை. பின்தகட்டுக்காக நான் வரைந்து வைத்திருந்த எலும்புக்கூட்டுப் பெண்ணைப் பார்த்ததும், “மரிச்சவங்களுக்கு எலும்புக்கூடா மக்களே கொண்டு போறது?” என்று கேட்டார். நான் மறுமொழி சொல்லாமல், அம்மாச்சியின் பழைய பித்தளைப் பாடுபட்ட சுரூபத்தை எடுத்துக் காட்டினேன். இயேசுவின் பாதங்களுக்குக் கீழே ஒரு சிறு மண்டையோடும் குறுக்காக இரண்டு எலும்புகளும் அதில் இருக்கின்றன. அவரைச் சிலுவையில் அறைந்த கொல்கொத்தா என்றாலே மண்டையோட்டு இடம் என்றுதான் பொருள். ஐம்பது ஆண்டுகள் அதை முத்தி (முத்தம்) செய்தவருக்கு எலும்பு புதிதாக இருக்காது என்பது என் வாதம். அம்மா முழு மனத்தோடு இல்லாவிட்டாலும் விட்டுக்கொடுத்தார்.

அந்த எலும்புக்கூட்டுப் பெண்ணின் மூலம் ஹொசே குவாதலூப்பே போசாதா என்ற மெக்சிகோ அச்சு ஓவியருடையது. 1913இல் இறந்த அவர், பூவும் இறகும் சூட்டிய பெரிய தொப்பி அணிந்த மண்டையோட்டைத் துத்தநாகத் தகட்டில் அமிலத்தால் அரித்து உருவாக்கினார். தம் பூர்வகுடி அடையாளத்தை மறைத்து ஐரோப்பிய நாகரிகம் காட்டியவர்களைக் கேலி செய்த படம் அது. 1947இல் தியேகோ ரிவேரா தம் சுவரோவியத்தில் அவளுக்கு முழு உடலும் உடையும் கொடுத்தார். இன்று ‘கத்ரீனா’ என்று உலகம் அறிந்திருப்பது அவளைத்தான். நான் தொப்பியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மீன் கூடையான கடவத்தை வைத்தேன். அம்மாச்சி கடவத்தைத் தலையில் சுமந்து நடந்தே மீன் விற்றவர். அவருக்கு இறகுத் தொப்பி பொருந்தாது.

இனி வேலை. அரை மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துச் சோப்புப் பொடியால் கழுவினேன். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் ஒரே படலமாகப் பரவினால்தான் எண்ணெய்ப்பசை போனதாகப் பொருள். படத்தை இடம் வலமாகத் திருப்பி, லேசர் அச்சில் வழவழப்பான வார இதழ்த் தாளில் எடுத்து, தகட்டின்மேல் கவிழ்த்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினேன். பிறகு தண்ணீரில் ஊறவைத்துத் தாளை விரலால் உருட்டி எடுத்தால் கருமை மட்டும் செம்பில் ஒட்டி நிற்கும். அச்சுக் கருமை ஒரு வகைப் பிளாஸ்டிக் என்பதால் அரிக்கும் நீர் அதைத் தொடாது. தகட்டின் முதுகுப்புறம் முழுவதும் பேக்கிங் டேப் ஒட்டினேன்.

அரிப்பதற்கு, மின்சுற்றுப் பலகை செய்வோர் வாங்கும் பெரிக் குளோரைடு. 250 மில்லி லிட்டர் தண்ணீரில் 100 கிராம் தூளைச் சிறிது சிறிதாகப் போட்டேன். தூளின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, கலவை கொதித்துத் தெறிக்கும். கையுறை, கண்ணாடி, பிளாஸ்டிக் தட்டு, திறந்த முற்றம் ஆகிய நான்கும் கட்டாயம். தகட்டை முகம் கீழ்நோக்க மிதக்கவிட வேண்டும், ஏனெனில் கரையும் செம்பு கசடாக விழுந்துவிட்டால்தான் புதிய நீர் தகட்டைத் தொடும். நிமிர்த்தி வைத்த என் முதல் கதவு திட்டுத் திட்டாக அரிபட்டு வீணானது.

இந்த நீர் கீழ்நோக்கி மட்டும் தோண்டுவதில்லை. கருமைக்கு அடியில் பக்கவாட்டிலும் புகுந்து அரிக்கும். மழைக்காலக் குளிர்ச்சியில் வேலை மந்தமாக நடக்கிறதென்று நான் கூடுதலாக ஒரு மணி நேரம் விட்டுவைத்தேன். ஒரு மில்லிமீட்டர் தடிப்பில் வரைந்திருந்த கடவத்தின் பின்னல் பிழைத்தது. அதில் பாதித் தடிப்பே இருந்த பல்வரிசைக் கோடுகள் முழுவதும் கரைந்துபோய், வாய் ஒரே பள்ளமாகிவிட்டது. தகட்டைக் கழுவி எடுத்து வந்தபோது நான் நொந்துதான் போனேன். அம்மா அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, வாய்விட்டுச் சிரித்தார். கடைசிப் பத்தாண்டுகள் அம்மாச்சிக்குப் பல் கிடையாது; வெற்றிலையை இடித்துத்தான் வாயில் போட்டுக்கொள்வார். வேறு தகட்டில் மீண்டும் செய்யும் எண்ணத்தை அங்கேயே கைவிட்டேன்.

மடித்த தகடுகளை இணைக்க என்னிடமிருந்த சால்டரிங் குச்சி உதவவில்லை. எவ்வளவு சூட்டைக் கொடுத்தாலும் செம்பு அதைத் தகடு முழுவதும் பரப்பிவிடுகிறது. வடசேரியில் கோயில் நகை செய்யும் நண்பர் ஒருவர் வெங்காரம் தடவி, பொடி என்னும் பற்றாசை வைத்து ஊதிக் கொடுத்தார். தீ ஏற்றிய கறுப்பைப் புளித்தண்ணீரில் போட்டு நீக்கினோம். பள்ளங்களுக்கு நிறம் ஏற்ற, அவித்த முட்டைகளை உடைத்துப் பெட்டியோடு ஒரு பிளாஸ்டிக் பையில் மூடிவைத்தேன். முட்டையிலிருந்து வரும் கந்தக ஆவி ஓர் இரவில் செம்பைப் பழுப்பாக்கியது. மேடுகளை மட்டும் தேய்த்துப் பளபளப்பாக்கித் தேன்மெழுகு பூசினேன். தீர்ந்த பெரிக் குளோரைடை எங்கும் கொட்டவில்லை. செம்பு கலந்த அந்த நீர் மீனுக்கு நஞ்சு, எங்கள் வீட்டிலோ கிணறு இருக்கிறது. இன்னும் புட்டியில்தான் கிடக்கிறது.

திருநாளன்று மாலை தூறல். பக்கத்துக் கல்லறைகளில் திரிகள் அணைந்து அணைந்து எரிய, கதவை ஒருக்களித்து வைத்த எங்கள் குருசடிக்குள் சுடர் அசையாமல் நின்றது. சாமியார் புனித நீர் தெளித்து மந்திரித்துக்கொண்டு வந்தவர், ஒரு நொடி குனிந்து உள்ளே பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தார்.

இப்போது அது எங்கள் பீடத்தட்டில் இருக்கிறது. மெழுகு சரியாகப் படாத கீழ்மூலையில் உப்புக்காற்று புகுந்து பச்சை பூத்திருக்கிறது. எனக்கு அந்த நிறம் பிடித்திருக்கிறது. அம்மா அதைக் களிம்பு என்கிறார். நேற்று ஒரு கையில் புளியும் மறு கையில் தேங்காய் நாருமாக வந்து நின்றார். பெட்டியை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டேன்.