24 மணி நேர யூரின் டெஸ்ட்: நாங்கள் பட்ட பாடு

ரிப்போர்ட்டில் அம்மாவின் கிட்னி வடிகட்டும் திறன் 43 என்று இருந்தது. தம்பிக்குக் கிட்னி கொடுக்க முன்வந்த அம்மாவுக்கே கிட்னி சரியில்லையா என்று அன்று ராத்திரி வீட்டில் யாரும் தூங்கவில்லை. 60க்குக் கீழே இருந்தால் தானம் கொடுக்க விடமாட்டார்கள்.

ரத்த வகையெல்லாம் சிக்கல் இல்லாமல் பொருந்திவிட்டது. அப்புறம் வடிகட்டும் திறன் பார்க்க வேண்டும். பொதுவாக டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளை ஊசியில் ஏற்றி டிடிபிஏ ஸ்கேன் எடுப்பார்கள். நாங்கள் போன இடத்தில் அந்த வசதி இல்லை. கதிரியக்கம் இல்லாமலே முதலில் பார்த்துவிடலாம் என்று டாக்டர் 24 மணி நேர யூரின் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார்.

லேப் கவுன்டரில் இருந்தவர் கேனை நீட்டி, “24 மணி நேரம் பிடிச்சுட்டு வாங்க” என்றார். அவ்வளவுதான். காலையில் எழுந்ததும் போவதைக் கேனில் சேர்க்காமல் நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும், மறுநாள் அதே நேரத்தில் போவதைச் சேர்க்க வேண்டும், நடுவில் ஒரு தடவைகூட விடக்கூடாது. எதையும் அவர் சொல்லவில்லை.

ரிப்போர்ட்டைப் பார்த்ததும் எனக்கு ஒன்று இடித்தது. ரத்தத்தில் கிரியேட்டினின், அதாவது கிட்னி வடிகட்டிச் சிறுநீரில் வெளியேற்றும் கழிவு, 0.7 தான். அதை வைத்துப் போட்ட கணக்கு வடிகட்டும் திறன் 103 என்று காட்டியது. அதே தாளில் கீழே 43. கவுன்டரில் கேட்டால், “மெஷின்ல வந்ததுதாங்க” என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

ஒரு இளம் டாக்டர்தான் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் பேனாவால் கணக்குப் போட்டார். ஒரு பெண்ணுக்கு ஒரு நாளில் கிலோவுக்குச் சுமார் 15 முதல் 20 மில்லிகிராம் கிரியேட்டினின் சிறுநீரில் வர வேண்டும். அம்மா 46 கிலோ. கேனில் இருந்தது 432 மில்லிகிராம், கிலோவுக்கு 9 தான். “அம்மா, அன்னைக்கு வெளியே எங்கேயாவது போனீங்களா?” என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். வளைகாப்புக்குப் போயிருக்கிறார். “விசேஷ வீட்டுக்குக் கேனைத் தூக்கிட்டா போக முடியும்?” அம்மா மேல் என்ன தப்பு? கேன் கொடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இரண்டாவது தடவை அம்மா வாசலைத் தாண்டவில்லை. ஆனால் சனிக்கிழமை ஆரம்பித்ததால் ஞாயிற்றுக்கிழமை போய் நின்றோம், லேப் பூட்டியிருந்தது. நிறைந்த கேனோடு இரண்டு பஸ் மாறித் திரும்பி வந்து மறுபடி முதலிலிருந்து. நீங்கள் ஞாயிறு காலை ஆரம்பியுங்கள், திங்களன்று கொடுத்துவிட்டு ரத்தமும் அங்கேயே கொடுக்கலாம். முந்தின நாள் கறி வேண்டாம், ரத்தத்தில் கிரியேட்டினினை ஏற்றிக் காட்டும்.

இந்தத் தடவை கேனில் 1600 மில்லி சிறுநீர். கிரியேட்டினின் கிலோவுக்கு 16 மில்லிகிராம். விடை 73 என்று வந்ததும் எனக்கு மறுபடி பயம். டாக்டர்தான் சொன்னார்: அம்மா 150 சென்டிமீட்டர் உயரம், சின்ன உடம்பு, உடல் பரப்புக்குச் சரிசெய்து பார்க்க வேண்டும். சரிசெய்தால் 91.

கையோடு சிஸ்டாட்டின் சி என்ற ரத்தப் பரிசோதனையும் எடுத்தார்கள். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவதால் ஒல்லியானவர்களுக்குக் கிட்னி இருப்பதைவிட நன்றாக இருப்பதுபோல் காட்டிவிடும். அந்த 103 அப்படி வந்ததுதான். சிஸ்டாட்டின் சிக்குத் தசை ஒரு பொருட்டில்லை. ஆனால் தைராய்டு கோளாறும் ஸ்டீராய்டு மாத்திரையும் அதை மாற்றும், இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அம்மாவுக்கு அதில் 92.

டாக்டர் 91, 92 இரண்டையும் வட்டமிட்டு, அடுத்த வாரம் கிட்னியின் ரத்தக் குழாய்களைப் பார்க்கும் சி.டி. ஆஞ்சியோ ஸ்கேனுக்குத் தேதி எழுதினார். அம்மா அந்தச் சீட்டை வாங்கி நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.