பூட்டிய கதவும் பரங்கிமலைப் படிகளும்

அம்மாவின் இதய அறுவைச் சிகிச்சைக்கு ஐந்து நாட்கள் இருந்தபோது, “பரங்கிமலைக்குப் போய்த் தோமையாரிடம் எனக்காக ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வா” என்றார். மறுக்க முடியாமல் ஒப்புக்கொண்டேனே தவிர, கேட்கும் பழக்கத்தை நான் விட்டு இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அண்ணன் நோயுற்றிருந்தபோது வீட்டில் நாற்பது நாட்கள் செபமாலை சொன்னோம். நாற்பத்தோராம் நாள் அவரை அடக்கம் செய்தோம். அதற்குப் பிறகும் ஞாயிறு திருப்பலிக்குத் தவறாமல் போனேன். முறை வந்தபோது பீடத்தருகே நின்று வாசகமும் வாசித்தேன். ஆனால் அச்சிட்ட செபங்களுக்கு அப்பால் சொந்தமாக ஒரு சொல்லைக்கூட ஆண்டவரிடம் நான் பேசியதில்லை. இந்த நிலைக்கு நானே வைத்துக்கொண்ட பெயர் சந்தேகம் என்பது. உயிர்த்த இயேசுவைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று சந்தேகப்பட்ட சீடர் தோமையாரின் மலைக்கே அம்மா என்னை அனுப்புகிறாரே என்று உள்ளுக்குள் சிரித்தும் கொண்டேன்.

மலை உயரமானதன்று; ஏறத்தாழ 300 அடிதான். வாகனங்கள் மேலே செல்லத் தனிச்சாலை இருக்கிறது என்றாலும், கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர் 18ஆம் நூற்றாண்டில் கட்டிக்கொடுத்த கற்படிகளில் ஏறுவதே முறை என்று தோன்றியது. சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்கப் பாலம் அமைத்தவரும் அவரே. படிகளின் ஓரமாக, இயேசுவின் பாடுகளைக் காட்டும் சிலுவைப்பாதையின் நிலைகள் வருகின்றன. பாதி வழியில் மூச்சு வாங்கியதால் ஒரு நிலையின் அருகே உட்கார்ந்து, கையோடு கொண்டு வந்திருந்த நற்செய்தி நூலில் யோவான் 20ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். பலமுறை வாசித்த பகுதிதான். ஆனால் அன்று கண்ணில் பட்டது வேறொன்று.

இயேசு சிலுவையில் இறந்தபின் சீடர்கள் அஞ்சிக் கதவுகளை மூடிக்கொண்டு உள்ளே இருந்தார்கள். உயிர்த்த ஆண்டவர் அவர்களிடம் வந்தபோது தோமா, அதாவது தோமையார், அங்கே இல்லை. அவர் எங்கே போயிருந்தார் என்று நற்செய்தியாளர் சொல்லவில்லை. உணவு வாங்கப் போயிருக்கலாம், தனியே அழப் போயிருக்கலாம். எதுவாயினும் மற்றவர்கள் அச்சத்தால் அடைந்து கிடந்த வேளையில் அவர் வெளியே நடமாடிக்கொண்டிருந்தார். நண்பர் இலாசர் இறந்த செய்தி வந்து, யூதேயாவுக்குத் திரும்பினால் இயேசுவின் மேல் கல்லெறிவார்கள் என்று எல்லோரும் தயங்கியபோது, நாமும் போய் அவரோடு இறப்போம் என்று சொன்னவரும் இதே தோமாதான். ஆணித் தழும்பைப் பார்க்க வேண்டும், விலாவில் கையிட வேண்டும் என்று அவர் பேசியதைச் சந்தேகம் என்று சொல்லிச் சொல்லி நாம் பழகிவிட்டோம். அது ஒரு விண்ணப்பமும்தானே? தனக்கு என்ன வேண்டும் என்பதை அவர் மறைக்காமல் சொன்னார். இல்லை என்ற பதில் வந்துவிடுமோ என்று வாயை மூடிக்கொள்ளவில்லை.

எனக்கு அங்கே உடம்பு வியர்த்தது; படி ஏறியதால் மட்டும் அன்று. இரண்டு ஆண்டுகளாக நான் தோமாவைப் போல் இருந்ததாக எண்ணியது தவறு. நான் பூட்டிய அறைக்குள் இருந்த பத்துப் பேரில் ஒருவன். கடவுள் இருக்கிறாரா என்று ஒருநாளும் நான் உண்மையாக ஐயப்பட்டதில்லை. கேட்டு, மறுபடியும் கிடைக்காமல் போய்விடுமோ என்றே அஞ்சினேன். சந்தேகம் என்ற சொல் படித்தவனுக்குக் கௌரவமாக இருந்தது, அவ்வளவுதான். இன்னொன்றையும் கவனித்தேன்: உயிர்த்த ஆண்டவரைக் கண்டு மகிழ்ந்து எட்டு நாட்கள் ஆன பிறகும் அந்தக் கதவுகள் மூடியேதான் இருந்தன. கதவைத் திறந்து வையுங்கள், பிறகு வருகிறேன் என்று அவர் நிபந்தனை விதிக்கவில்லை. மூடிய கதவுகளுக்கு நடுவிலேயே வந்து நின்று, உங்களுக்கு அமைதி உண்டாகுக என்றார்.

உச்சியில் காற்று பலமாக இருந்தது. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் கைக்கெட்டும் தொலைவில் செல்வதுபோலத் தெரிந்தன. இந்தியாவின் மாபெரும் முக்கோணவியல் நில அளவைக்காக வில்லியம் லாம்டன் 1802இல் முதல் அடிக்கோட்டை அளந்ததும் இந்த மலையை ஒட்டித்தான். தொட்டுப் பார்க்க விரும்பியவரின் மலையிலிருந்து ஒரு நாட்டையே அளக்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

எதிர்நோக்கின் அன்னைக்கு நேர்ந்தளிக்கப்பட்ட கோயில் சிறியது. 1523இல் போர்ச்சுகீசியர் எழுப்பியது. பீடத்தில் பதித்துள்ள கற்சிலுவை 1547இல் இங்கே மண்ணைத் தோண்டும்போது கிடைத்தது. சுற்றிலும் பழைய பாரசீகத்தின் பஹ்லவி எழுத்துகள், மேலே இறங்கிவரும் புறா. 1558 டிசம்பர் 18 அன்று திருப்பலியின்போது அதில் இரத்தம் வியர்த்தது என்பது மரபு. தோமையாரே செதுக்கியது என்று பக்தர்கள் நம்புகிறார்கள். பல நூற்றாண்டுகள் பிற்பட்டது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். முன்பு இத்தகைய வேறுபாடு எனக்குப் பெரிய சாக்காக உதவியிருக்கும். அன்று அது என்னைத் தடுக்கவில்லை. ஈட்டி பாய்ந்த விலாவைத் தொட விரும்பியவர், கி.பி. 72இல் இம்மலையில் தாமே ஈட்டியால் குத்தப்பட்டு உயிர்நீத்தார் என்ற மரபுதான் நெஞ்சில் நின்றது.

வெளியே மெழுகுவர்த்தி ஏற்ற முயன்றேன். மூன்று தீக்குச்சிகள் அணைந்தன. பக்கத்தில் நின்ற வயதான அம்மையார் ஒருவர் ஒன்றும் சொல்லாமல் முந்தானையை விரித்துக் காற்றை மறைத்தார். நான்காவது குச்சியில் திரி பற்றியது. மெழுகு உருகி விரலில் விழுந்தபோது, எழுதி வைத்த செபம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. “ஆண்டவரே, அம்மா பிழைக்க வேண்டும். நீர் முடியாது என்று சொல்லிவிடுவீரோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது” என்றேன். குரல் உடைந்தது. அந்த அம்மையார் முந்தானையை இன்னும் விலக்கவில்லை. பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய்யாகும். ஆனால் அதை வைத்துக்கொண்டே கேட்க முடிந்தது. அண்ணனைப் பற்றியும் கேட்டேன், கோபத்தோடுதான்.

படியிறங்கும்போது அம்மாவைக் கைப்பேசியில் அழைத்தேன்.

“கேட்டாயா?”

“கேட்டேன் அம்மா.”

“என்னவென்று?”

சொன்னேன். சிறிது நேரம் அவர் பேசவில்லை. பிறகு, “வெயில் ஏறிவிட்டது, படியைப் பார்த்து இறங்கு” என்றார்.