மொத்தம் எவ்வளவு சேர்ந்தது

எங்களோடு வேலை பார்த்து இறந்துபோன ஒருவன் பெயரில் நாங்கள் நடத்தும் கேரம் போட்டியின் நோட்டீசில், அவன் படத்துக்குக் கீழே ஒரு வரி ஆண்டுதோறும் மாறாமல் அச்சாகிறது. வசூலாகும் தொகை, செலவு போக, டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஏழை நோயாளிகளின் போக்குவரத்துக்கு வழங்கப்படும் என்பது அந்த வரி. எழுதிக் கொடுத்தவன் நான். கன்டெய்னர் யார்டில் அவனோடு வேலை பார்த்தவர்கள் யாரும் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை.

சென்ற ஆண்டு இறுதி ஆட்டம் முடிந்து, தண்டையார்பேட்டைத் தெருவில் பலகைகளின் மேல் தொங்கிய விளக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, அவனுடைய மனைவி நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த மேசைக்கு வந்தார். “மொத்தமா எவ்ளோ சேர்ந்துச்சுண்ணா?” என்று கேட்டார். கடைசி ரூபாய் வரை சொன்னேன். சொல்லிவிட்டு, “எல்லாம் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு வர்ற பேஷன்டுங்க ஆட்டோ செலவுக்குத்தாம்மா” என்று சேர்த்தேன். “நல்லதுண்ணா” என்றார். பிறகு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த பெண்களோடு போய்ச் சேர்ந்துகொண்டார்.

நடந்தது இவ்வளவுதான். பணம் எங்கே போகிறது என்று அவர் கேட்கவில்லை. நோட்டீசைப் படித்த எவருக்கும் அது தெரியும். கேட்காத கேள்விக்கு நான் ஏன் பதில் சொன்னேன் என்பதுதான் விளங்கவில்லை. கணவன் பெயரில் நடக்கும் போட்டியில் எவ்வளவு வந்தது என்று ஒரு பெண் விசாரிப்பதில் பெருமை மட்டும்கூட இருந்திருக்கலாம். நானோ அதை ஒரு கோரிக்கையாக எடுத்துக்கொண்டு, அது அவர் வாயிலிருந்து வருவதற்கு முன்பே மறுத்துவிட்டதுபோலப் பேசியிருக்கிறேன்.

அப்படி எடுத்துக்கொள்ள எனக்குக் காரணம் இருந்தது. நான் சம்பளக் கணக்குப் பார்ப்பவன். அவன் இறந்தபின் வருங்கால வைப்பு நிதிக்கான 20-ஆம் எண் படிவத்தையும், ஓய்வூதியத்துக்கான 10-டி படிவத்தையும் அவருக்காக நிரப்பியவன் நானே. தொழிலாளி இறந்தால் ஐந்தாண்டுப் பணி முடிந்திருக்க வேண்டியதில்லை, பணிக்கொடை உண்டு என்பதை ஒப்பந்ததாரரிடம் சட்டத்தைக் காட்டி வாதாடி வாங்கியும் கொடுத்தேன். இ.எஸ்.ஐ.யில் ஈமச்சடங்குக்கு 15,000 ரூபாய் வரை கிடைக்கும். சார்ந்தோருக்கான மாத உதவி, வேலையால் நேர்ந்த மரணத்துக்கு மட்டுமே. சிறுநீரகம் செயலிழந்து இறந்தவன் அதில் வரமாட்டான். குடும்ப ஓய்வூதியத்தின் அடிமட்டம் மாதம் 1,000 ரூபாய். அவருக்குக் கிடைப்பது அதைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவே. மொத்தமாக வந்த பணம் கடனுக்குப் போனது. ஆக, அந்த வீட்டின் மாத வரவு எவ்வளவு என்பது அங்கே கூடியிருந்தவர்களில் எனக்குத்தான் நன்றாகத் தெரியும். தெரிந்த நான்தான் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தேன்.

இருந்தாலும் என் பக்கத்து நியாயத்தை நான் கைவிடத் தயாரில்லை. நோயாளிகளுக்கு என்று சொல்லி வாங்கிய நுழைவுக் கட்டணம் அது. கொருக்குப்பேட்டையிலிருந்தும் காசிமேட்டிலிருந்தும் வந்து ஆடிய பையன்கள், அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள், அந்த வரியைப் படித்துத்தான் கொடுத்தார்கள். மரிய இருதயம் 1991-லும் 1995-லும் கேரம் உலகப் பட்டம் வென்றதையும், 2024-ல் அமெரிக்காவில் காசிமா மூன்று தங்கம் வாங்கியதையும் தெருவுக்குத் தெரு பேசும் பகுதி இது. கேரம் என்றால் ஆள் சேர்வார்கள். ஆனால் கணக்கில் ஒருமுறை சந்தேகம் வந்துவிட்டால், அடுத்த ஆண்டு ஆடத்தான் வருவார்களே தவிரப் பணம் கொடுக்க வரமாட்டார்கள். ஒரு குடும்பத்துக்கு வசூல் என்றால் அதை அப்படியே அறிவித்திருக்க வேண்டும். அப்படி அறிவிக்க வேண்டாம் என்று அன்று நாங்கள் முடிவு செய்ததே, அவரை யாரும் பரிதாபமாகப் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான்.

இந்த வாதத்தில் ஓட்டை எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் இந்த நோக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கும்போது மட்டும் வாதம் நின்றுவிடுகிறது. டயாலிசிஸ் முடிந்த மறுநாள் அவன் யார்டுக்கு வந்து, உணவு இடைவேளையில் ஓய்வறைப் பலகையில் உட்காருவான். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்டிருந்த இடது கையை மடியில் வைத்துக்கொண்டு வலது கையால் ஸ்ட்ரைக்கரை நகர்த்துவான். சிவப்பைப் போட்டு ஃபாலோவும் போட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்குவான். “வைத்தியம் ஃப்ரீதான்ணா. போய் வர்றதுதான் காலி பண்ணுது” என்று அங்கேதான் ஒருநாள் சொன்னான். வாரத்துக்கு இரண்டு முறை, சில வாரங்களில் மூன்று. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் படுத்திருந்துவிட்டு எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், பஸ் ஏற முடியாது, ஆட்டோதான். நோட்டீசில் நான் எழுதிய வரி இந்தப் பேச்சிலிருந்து வந்தது. அவன் சொன்னதோ தன் வீட்டுச் செலவைப் பற்றி. அந்த ஆட்டோவுக்குக் கம்மலை அடகு வைத்தவர் அவன் மனைவி. அவர் பட்ட தட்டுப்பாட்டை நோக்கமாக்கி, முன்பின் தெரியாத எத்தனையோ பேருக்கு அதை நாங்கள் தீர்த்து வைக்கிறோம்.

இது அவனுக்குப் பிடித்திருக்கும் என்று மேடையில் எல்லோரும் பேசுகிறார்கள், நானும் பேசியிருக்கிறேன். பிடித்திருக்கும் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் முதலில் வீட்டைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கமாட்டான் என்பதற்கு என்னிடம் ஆதாரம் ஒன்றும் இல்லை.

இந்த ஆண்டுக் கூட்டத்தில், லாரி கேட்டில் இருக்கும் இளைஞன் ஒருவன், பாதித் தொகையை இறந்தவனின் பிள்ளைகளின் படிப்புக்கு ஒதுக்கலாம் என்று எழுந்து சொன்னான். நான் மாதக்கணக்கில் எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்ததைத்தான் அவன் சொன்னான். எதிர்த்துப் பேசியவனும் நானே. நோக்கத்தை நடுவில் மாற்றினால் நம்பிக்கை போய்விடும் என்றேன், நன்றாகவே பேசினேன், யோசனை கைவிடப்பட்டது. கூட்டம் முடிந்ததும் அதே இளைஞனைத் தேடிப் போய், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு நாம் சிலர் மட்டும் மாதம் கொஞ்சம் போடலாமா என்று கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, சரி என்றான்.

நோயாளிகளுக்கான கவர்களை இம்முறை இறந்தவனின் மனைவி கையாலேயே மேடையில் கொடுக்க வைப்பது என்று கமிட்டி தீர்மானித்திருக்கிறது. அவரிடம் போய்ச் சொல்லும் பொறுப்பை, குடும்பத்தோடு பழக்கம் உள்ளவன் என்பதால், என்னிடம் விட்டிருக்கிறார்கள். நான் இன்னும் போகவில்லை. முடியாது என்று சொன்னால் கமிட்டியிடம் சொல்லிச் சமாளித்துவிடலாம். கேட்டவுடன் “சரிண்ணா” என்று சொல்லிவிடுவாரே என்பதுதான் என் தயக்கம்.