மேல்காற்றும் இருபத்தொரு கியரும்

6 ஜூலை 2024, சனி

சைக்கிள் வாங்கிவிட்டேன். 18,500 ரூபாய். சாம்பல் நிறம், முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. வாசலில் நிறுத்தியதும் அத்தை அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

"கேரியர் எங்க?"

இல்லை என்றேன்.

"மணியாவது இருக்கா?"

இருந்தது. அடித்துக் காட்டினேன். ஒரு அரிசிப் பை வைக்க இடம் இல்லாத வண்டிக்கு இவ்வளவு காசா என்று முனகிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

எனக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாது என்று சொல்ல முடியாது. பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில் இரண்டு வருடம் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். அப்புறம் கல்லூரிக்கு பஸ், வேலைக்கு ஸ்கூட்டி. பதினேழு வருடமாகப் பெடலைத் தொடவில்லை. போன மாதம் சர்க்கரை அளவு எல்லைக் கோட்டில் நிற்கிறது என்று சொன்னார்கள். நடந்தால் போதும் என்றுதான் டாக்டர் சொன்னார். எனக்கு நடப்பது பிடிக்காது, அவ்வளவுதான்.

7 ஜூலை, ஞாயிறு

காலை ஐந்தே முக்கால். மதுரையில் எங்கள் எஸ்.எஸ். காலனித் தெருக்களுக்குள்ளேயே அரை மணி நேரம்.

உடம்பு எதையும் மறக்கவில்லை. இரண்டாவது மிதியிலேயே நிதானம் வந்துவிட்டது. ஆனால் கியர் மாற்றுவது எனக்குப் புதுப் பாடம். இடது கைப் பக்கம் மூன்று, வலது கைப் பக்கம் ஏழு. எதை எப்போது தட்டுவது என்று தெரியாமல் இரண்டையும் மாற்றி மாற்றித் தட்டியதில் செயின் கடகடவென்று சத்தம் போட்டது. பால் வாங்க வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்றாவது குறுக்குத் தெருவில் நான்கு நாய்கள். ஸ்கூட்டியில் போனால் தலையைக்கூடத் தூக்காத நாய்கள்தான். சைக்கிளைப் பார்த்ததும் துரத்தின. வேகமாக மிதித்தேன், அவையும் வேகமாக வந்தன. வேறு வழியில்லாமல் இறங்கி, சைக்கிளை நடுவில் தடுப்பு மாதிரி பிடித்துக்கொண்டு நின்றேன். அவையும் நின்றன. ஒன்று கொட்டாவி விட்டது. துரத்துவதற்கு எதுவும் இல்லை என்றால் அவற்றுக்கும் சுவாரசியம் போய்விடுகிறது போல.

சாயங்காலம் முழங்கால் வலி. தெருமுனை சைக்கிள் கடை அண்ணனிடம் காட்டினேன். "சீட்டு இவ்வளவு கீழ கெடந்தா முட்டி வலிக்காம என்னம்மா செய்யும்?" என்று ஸ்பேனரை எடுத்தார். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்தால், பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டுமாம். ஓட்டும்போது பாதத்தின் முன்பகுதியால்தான் மிதிப்போம் என்பதால் முட்டி லேசாக மடங்கும், அந்த மடக்குப் போதும். ஒரு சாண் ஏற்றிவிட்டார். இப்போது நின்றால் தரையில் கால் விரல் மட்டும்தான் படுகிறது. பயமாகத்தான் இருக்கிறது.

14 ஜூலை, ஞாயிறு

வண்டியூர் தெப்பக்குளம். வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டருக்கு மேல். போகும்போது என்ன சுகம்! பெடல் தானாகச் சுற்றியது. ஒரு வாரத்தில் இவ்வளவு தேறிவிட்டோமா என்று எனக்கே பெருமை.

குளத்தைச் சுற்றியுள்ள சாலையில் ஒரு சுற்று போனால் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. நடப்பவர்கள், ஓடுபவர்கள், பருத்திப்பால் வண்டி என்று காலையிலேயே கலகலப்பு. நடுவில் மைய மண்டபம் வெயில் பட்டுப் பழுப்பாக நின்றது. திருமலை நாயக்கர் வெட்டிய குளம். தெரியாத்தனமாக எட்டுச் சுற்று என்று கணக்கு வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது சுற்றில்தான் ஒன்று உறைத்தது. குளம் சதுரம். நான்கு கரையும் ஒரே மட்டம், ஒரே மாதிரி தார். அப்படியிருந்தும் வடகரையில் ஒரு மாதிரி, தென்கரையில் ஒரு மாதிரி. கிழக்கே பார்த்துப் போகும்போது பெரிய பல்சக்கரத்தில் பறக்கிறேன். மேற்கே திரும்பினால் யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கிறது. துப்பட்டா பின்னால் பாய்மரம் போல விரிந்து நிற்கிறது (நல்லவேளை, சக்கரத்தில் மாட்டவில்லை, அடுத்த வாரத்திலிருந்து துப்பட்டா கிடையாது). மேல்காற்று! ஆனி இன்னும் முடியவில்லை, அதற்குள் இந்த வரத்து.

ஆக, வரும்போது பறந்தது நான் இல்லை. திரும்பும் வழியெல்லாம் எதிர்காற்று. காமராஜர் சாலையில் ஒரு பெரியவர் டிவிஎஸ் எக்செல்லில் என்னைத் தாண்டிப் போகும்போது "விட்றாத தாயி, மிதி" என்றார். மிதித்தேன். வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் படுத்துவிட்டேன்.

20 ஜூலை, சனி

காளவாசல் மேம்பாலத்தில் ஏறி இறங்கிப் பழகினேன். மதுரைக்குள் நமக்கு வாய்த்த மலை அதுதான்.

ஏற்றத்தின் பாதியில், மூச்சு முட்டியபோது, கியரைத் தட்டினேன். 'டக்' என்று ஒரு சத்தம், பெடல் காற்றில் சுற்றியது. செயின் கழன்றுவிட்டது. பாலத்தின் ஓரத்தில் நிறுத்தி, போன வாரம் வீடியோவில் பார்த்தது நினைவிருக்கிறதா என்று யோசித்தேன். பின்சக்கரத்துக்குக் கீழே தொங்குகிற கையை முன்பக்கமாகத் தள்ளினால் செயின் தொய்ந்து கொடுக்கும். அந்தத் தொய்வில் செயினைப் பல்லில் மாட்டி, பெடலைக் கையால் ஒரு சுற்று சுற்ற வேண்டும். மூன்றாவது முயற்சியில் மாட்டியது. பத்து விரலும் கறுப்பு.

ஏற்றம் தொடங்குவதற்கு முன்னாலேயே சின்ன கியருக்கு வந்துவிட வேண்டும். காலில் பாரம் ஏறிய பிறகு மாற்றினால் செயின் இழுபட்டுத் தவறிவிடும். கடைக்காரர் சொன்னபோது தலையாட்டியிருந்தேன். இன்று புரிந்தது.

21 ஜூலை, ஞாயிறு

ஆடிப் பௌர்ணமி. அழகர்கோவில் பக்கம் இன்று தேர்க் கூட்டமாக இருக்கும். அதனால் நேர் எதிர்த் திசையில் கீழக்குயில்குடி.

விராட்டிபத்து, அச்சம்பத்து வழியாகத் தேனி சாலை. இந்தச் சாலையில் எத்தனையோ தடவை ஸ்கூட்டியில் போயிருக்கிறேன். மட்டமான சாலை என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஏற்றம் ஒன்று கூடவே வருகிறது. யோசித்தால் நியாயம்தான்: வைகை மேற்கிலிருந்து வந்து தென்கிழக்கே போகிறது. அப்படியென்றால் ஊரே அந்தப் பக்கம் சரிந்திருக்க வேண்டும். ஆற்றுக்குத் தெரிந்த விஷயம் எனக்கு முப்பத்தைந்து வயதில், தொடை வலித்த பிறகு தெரிகிறது. மேற்கே போனால் ஏற்றமும் உண்டு, காற்றும் உண்டு. இந்த ஊரில் இரண்டும் கூட்டு.

நாகமலை புதுக்கோட்டைக்கு வருவதற்குள் இரண்டு தடவை நின்றேன். அங்கிருந்து இடப்பக்கம் திரும்பியதும் மலை காற்றை மறைத்துக்கொண்டது. சமணர் மலை அடிவாரத்தில் ஐயனார் கோவில், பக்கத்தில் தாமரைக் குளம், ஆலமரங்கள். விழுதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து இரண்டு வாழைப்பழம் தின்றேன். படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம். பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், கீழே வட்டெழுத்து. ஆயிரம் வருடத்துக்கு மேலாக அசையாமல் நிற்கிறவர்கள் முன்னால் என் கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து எழுந்துதான் வந்தேன்.

திரும்பும்போது சரிவும் காற்றும் என் பக்கம். வீடு வரை எங்கேயும் நிற்கவே இல்லை.

28 ஜூலை, ஞாயிறு

பையனுக்குக் காய்ச்சல். போகவில்லை. சைக்கிளைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டேன். அத்தை அந்த எண்ணெய்க் குப்பியைக் கேட்டு வாங்கி, கதவுக் கீலுக்கும் போட்டுக்கொண்டார்.

4 ஆகஸ்ட், ஞாயிறு

கீழடி. போக வர முப்பத்தாறு கிலோமீட்டர். எழுத நிறைய இருக்கிறது, கை வலிக்கிறது.

கிளம்பும்போது இன்று ஆடி அமாவாசை என்பதை யோசிக்கவே இல்லை. விரகனூர் தாண்டியதும் தெரிந்தது. வேன், கார், பஸ் எல்லாம் வரிசையாகத் திருப்புவனத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் போகின்றன. முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போகிறவர்கள் என்னையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிடுவார்களோ என்று பயந்து, வெள்ளைக் கோட்டுக்கு வெளியே மண்ணை ஒட்டியே ஓட்டினேன். அதுதான் தப்பு. அந்த மண்ணில்தான் சீமைக்கருவேல முள் கிடக்கும்.

ஆனால் முள் உடனே வேலையைக் காட்டவில்லை. பின்காற்றில் ஏழரைக்கெல்லாம் கீழடி வந்துவிட்டேன். அருங்காட்சியகம் திறக்கப் பத்து மணி ஆகும். இதையும் யோசிக்கவில்லை! செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டியிருக்கிற அந்தக் கட்டடத்தை வெளியிலிருந்தே பார்த்துவிட்டு, தென்னந்தோப்பு ஓரத்தில் தண்ணீர் குடித்தேன். 2015-இல் தோண்டத் தொடங்கும் வரை இதெல்லாம் வெறும் தோப்புதான். பானை ஓட்டில் 'ஆதன்' என்று பெயர் கீறி வைத்தவனும் மதுரைப் பக்கம் போக வேண்டுமென்றால் இதே மேல்காற்றை எதிர்த்துத்தான் நடந்திருப்பான்.

திரும்பி ஒரு கிலோமீட்டர் வருவதற்குள் பின்சக்கரம் தொளதொளவென்று ஆனது. பையில் புது டியூப் இருந்தது. புளியமர நிழலில் சைக்கிளைத் தலைகீழாகப் போட்டு, சக்கரத்தைக் கழற்றி, டியூப் மாற்றி, கைப்பம்பால் காற்றடித்து முடிக்க நாற்பது நிமிடம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு ஆத்தா முழுதும் நின்று பார்த்துவிட்டு "பரவாயில்லையே" என்றார். அந்தப் பெருமை அரை கிலோமீட்டர்கூட நிலைக்கவில்லை. புது டியூபும் போச்சு.

சிலைமான் வரை தள்ளிக்கொண்டே வந்தேன். வெயில் ஏறிவிட்டது, லாரிக் காற்று முகத்தில் அறைந்தது. வேப்பமரத்தடியில் ஒரு பஞ்சர் கடை. அங்கிருந்த பெரியவர் டியூபைத் தொடவே இல்லை. முதலில் டயரைப் பிரித்து, ஒரு பழைய பனியன் துணியை உள்பக்கமாக வைத்து மெதுவாக ஒரு சுற்று இழுத்துக்கொண்டு போனார். ஓரிடத்தில் துணி நின்றது. குறடால் பிடித்து இழுத்தார். அரிசி மணியில் பாதிகூட இல்லாத முள் நுனி.

"டியூப மாத்துனா முள்ளு போயிருமாம்மா?"

எனக்குப் பதில் இல்லை. அப்புறம்தான் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைப் பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும் வரை ஒரு பீடியை இழுத்துவிட்டு, பேட்ச் ஒட்டினார். காற்றடிக்கப் போனால் அவருடைய பம்பு என் வால்வில் சேரவில்லை. அது பழைய சைக்கிள் வால்வுக்கானது, என்னுடையது மோட்டார் சைக்கிள் மாதிரி. "பேரு சைக்கிளு, வாயி மட்டும் பைக்கு" என்று சிரித்துக்கொண்டே பைக்குக்கு அடிக்கிற குழாயை இழுத்து மாட்டினார். 60 ரூபாய் கேட்டார். நூறு கொடுத்தேன், மீதியை எண்ணித் தந்துவிட்டார்.

அங்கிருந்து வீடு வரை எதிர்காற்று. அதைப் பற்றி எழுத மாட்டேன்.

11 ஆகஸ்ட், ஞாயிறு

ஒத்தக்கடை வரை. படுத்த யானை மாதிரி யானைமலை தூரத்திலிருந்தே அழகு. நான்குவழிச் சாலை எனக்கு ஒத்துவரவில்லை. பக்கத்தில் லாரி போகும்போது முதலில் தள்ளுகிறது, அப்புறம் உள்ளே இழுக்கிறது. இந்தச் சாலை இனி வேண்டாம்.

18 ஆகஸ்ட், ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. இன்று நாலே முக்காலுக்கே கிளம்பினேன். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு. மறுபடியும் கீழக்குயில்குடி. விடிவதற்கு முன்னால் காற்றும் தூங்குகிறது. எட்டு மணிக்கு மேல்தான் எழுந்து வேலைக்கு வருகிறது. ஒரே ஒரு தடவைதான் நின்றேன், அதுவும் டீக்காக. கடைக்காரர் "யூனிவர்சிட்டியில வேலையாம்மா?" என்று கேட்டார். சும்மா வந்தேன் என்றதும் எதற்கோ ஒரு வடையைச் சேர்த்து வைத்தார். காசு வாங்கிக்கொண்டார்.

25 ஆகஸ்ட், ஞாயிறு

கடை அண்ணனிடம் கோட்டம் எடுக்கக் கொடுத்திருந்தேன். பின்சக்கரம் லேசாக ஆடியது. திரும்பி வந்தபோது பின்னால் ஒரு கேரியர் மாட்டியிருந்தது. நான் சொல்லவில்லை. "உங்க அத்தைதான் வந்து காசு குடுத்துட்டுப் போனாங்க" என்றார். வண்டியின் அழகே போய்விட்டது. வீட்டில் எதுவும் கேட்கவில்லை.

1 செப்டம்பர், ஞாயிறு

காரணம் இன்று தெரிந்தது. அடுத்த சனிக்கிழமை பிள்ளையார் சதுர்த்தி. விளாச்சேரியில் போய்ப் பிள்ளையார் வாங்கி வரச் சொன்னார் அத்தை. "கடையில வேணாம், அங்கயே போயி வாங்கு. வர்ணம் அடிக்காதது."

பசுமலை வழியாக விளாச்சேரி. தெருவில் நுழைந்தாலே திண்ணையெல்லாம் பொம்மைகள். ஒரு வீட்டு வாசலில் பத்து இருபது பிள்ளையார்கள் வெயிலில் முதுகைக் காட்டிக் காய்ந்துகொண்டிருந்தார்கள். கொலு பொம்மை வேலையும் ஒரு பக்கம் நடந்தது. அரை அடிப் பிள்ளையார் ஒன்று எடுத்தேன். அந்த அக்கா வைக்கோல் சுற்றி, அட்டைப் பெட்டியில் இறக்கி, சைக்கிளைப் பார்த்துவிட்டு "பின்னாடியா வைக்கப் போற? தும்பிக்கை பத்திரம்" என்றார்.

ரப்பர் கயிறு போட்டுக் கட்டி, டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினேன். காற்று இறுக்கமாக இருந்தால் ஒவ்வொரு குழியும் பெட்டிக்குள் போகும். பைபாஸ் சாலை வேகத்தடைகள் எத்தனை என்று இன்றைக்குத்தான் எண்ணினேன். பதினொன்று. ஒவ்வொன்றிலும் சீட்டிலிருந்து எழுந்து நின்று ஏற்றி இறக்கினேன். பின்காற்றுதான். இருந்தாலும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

அத்தை வாசலிலேயே நின்றிருந்தார். பெட்டியைப் பிரித்து, வைக்கோலை ஒதுக்கி, முதலில் தும்பிக்கையைத் தடவிப் பார்த்தார். இடது காதில் ஒரு மயிரிழை விரிசல். "இது காஞ்சதுல வந்தது, உன் மேல தப்பில்ல" என்று சொல்லிவிட்டு, நவராத்திரிக்கு என்னென்ன பொம்மை வேண்டும் என்று பட்டியல் போட ஆரம்பித்தார்.