வால் விட்டுக் கட்டு

5 ஜனவரி 2025, ஞாயிறு. பாளையங்கோட்டை

தம்பி பெங்களூரிலிருந்து பேசினான். பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை லீவுக்கு வருகிறானாம், காரின் தலையில் கனூவையும் கட்டிக்கொண்டு. இரண்டு பேர் உட்கார்ந்து துடுப்புப் போடும் திறந்த படகு அது. பெரியப்பா தோப்பில் கூடாரம், ஊர்க் குளத்தில் படகு என்று திட்டம். “அக்கா, நீ முடிச்சு மட்டும் படிச்சு வை, மத்ததை நான் பாத்துக்கிடுதேன்” என்றான். அவன் சும்மா சொன்னான். எனக்கு அது நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

2023 டிசம்பர் வெள்ளத்தை நான் இன்னும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை. தாமிரபரணி ஊருக்குள் ஏறி வந்தது. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் அத்தை வீட்டு மொட்டை மாடியில் ஆறு பேர் இருந்தோம். கீழே இடுப்பளவுத் தண்ணீரில் பக்கத்து வீட்டு அண்ணாச்சி அரிசியும் மாமாவின் மருந்தும் போட்ட பையோடு நின்றார். கொடிக்கயிறு எட்டவில்லை. ஒரு பழைய கயிற்றையும் புது நைலான் கயிற்றையும் நான்தான் இணைத்துக் கட்டினேன், முடிச்சுக்கு மேல் முடிச்சாக மூன்று. பை முதல் மாடியைத் தாண்டியதும் முடிச்சு வழுக்கிக்கொண்டு பிரிந்தது. பை தண்ணீரில் விழுந்து போயே போய்விட்டது. மறுநாள் மதியம் வரை மாமா மருந்து இல்லாமல் இருந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்த முடிச்சு என் முடிச்சு.

சரி, படித்துவிடுவோம். மாலையில் மார்க்கெட் கடைக்குப் போய்க் கயிறு வாங்கினேன். 6 மில்லிமீட்டர் நைலான், எடைக்குத்தான் கொடுக்கிறார்கள். கடைக்காரர் வெட்டிய முனையை மெழுகுவத்திச் சுடரில் காட்டி, புரிகள் உருகி ஒட்டியதும் எச்சில் தொட்ட விரலால் உருட்டிவிட்டார். கூடவே ஒரு விஷயமும் சொன்னார். நைலான் தண்ணீரில் முங்கும், இழுத்தால் கொஞ்சம் நீளும். பாலிபுரோப்பிலீன் கயிறு மிதக்கும், ஆனால் வழவழப்பு அதிகம், முடிச்சு நிற்பது கஷ்டம். படகுக்கு மிதக்கிற கயிறு, கூடாரத்துக்கு நைலான் என்று முடிவு செய்து இரண்டும் வாங்கிவந்தேன்.

7 ஜனவரி, செவ்வாய்

இன்று என் பழைய தப்பு என்னவென்று பிடிபட்டது.

வலது முனையை இடதுக்கு மேல் போட்டு ஒரு சுற்று, அப்புறம் இடது முனையை வலதுக்கு மேல் போட்டு ஒரு சுற்று. இப்படி மாற்றி மாற்றிப் போட்டால் தட்டையாக, இரண்டு பக்கமும் ஒன்றுபோல் படிந்த முடிச்சு வரும். இதுதான் ரீஃப் முடிச்சு. இரண்டு முறையும் வலதையே மேலே போட்டால் குறுக்கே கோணிக்கொண்டு நிற்கும். அதுதான் நழுவுகிற முடிச்சு. ஷூ கட்டும்போதே பார்த்துவிடலாம்: காதுபோல் நிற்கும் வளையங்கள் இரண்டும் ஷூவின் குறுக்கே படுத்தால் சரி, கால்விரலுக்கும் கணுக்காலுக்குமாக நீளவாக்கில் திரும்பினால் தப்பு. மகள் தன் பள்ளி ஷூவைக் குனிந்து பார்த்தாள். தப்புதான். இத்தனை வருஷமும் கட்டிவிட்டது நான்.

ஆனால் ரீஃபைச் சரியாகப் போட்டிருந்தாலும் அன்று பை தப்பியிருக்காது. பொட்டலம் கட்ட, காயத்துக்குத் துணி சுற்ற அது நல்லது. பாரம் தாங்குகிற இரண்டு கயிறுகளை இணைக்க, அதுவும் தடிமனும் வழவழப்பும் வேறுவேறான கயிறுகளை இணைக்க அதை நம்பவே கூடாது. அப்படியானால் எதை நம்புவது? அதை இன்னும் படிக்கவில்லை.

10 ஜனவரி, வெள்ளி

பவ்லைன். இறுகாத வளையம் போடும் முடிச்சு. எவ்வளவு பாரம் ஏறினாலும் வளையம் சுருங்காது, வேலை முடிந்ததும் சிரமமில்லாமல் அவிழும். ஆளின் இடுப்பைச் சுற்றிக் கட்டலாம். உருவாஞ்சுருக்கை ஒரு நாளும் ஆள்மேல் போடக் கூடாது, இழுக்க இழுக்க இறுக்கும்.

இதைச் சொல்லிக்கொடுக்க எல்லோரும் ஒரு முயல் கதை சொல்கிறார்கள். மகள் அதை நம்மூர்க் கதையாக மாற்றிவிட்டாள். கயிற்றில் ஒரு சின்ன வளையம், அது உடும்புப் பொந்து. மேலே போகும் கயிறு பனைமரம். உடும்பு பொந்துக்குள்ளிருந்து வெளியே வருகிறது, பனையைப் பின்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றுகிறது, வந்த பொந்துக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. அப்புறம் இறுக்கு. பொந்து போடும்போது முனைப்பக்கம் மேலே கிடக்க வேண்டும், பனை அடியில் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் இழுத்ததும் எல்லாம் கலைந்து கையோடு வருகிறது. முப்பது தடவை கட்டியிருப்பேன், அதில் பதினொன்று கலைந்தது.

முனையில் மிச்சம் விடுவதும் முக்கியம். கயிற்றின் தடிமனைப்போல் பன்னிரண்டு மடங்கு விட்டால் நல்லது. 6 மில்லிமீட்டர் கயிற்றுக்கு நாலு விரற்கடை.

15 ஜனவரி, புதன். மாட்டுப் பொங்கல், கல்லிடைக்குறிச்சி பக்கம்

பெரியப்பா வீட்டில் எல்லா மாட்டுக்கும் புதுக் கயிறு. நான் பையிலிருந்து என் கயிற்றை எடுத்துப் பவ்லைன் போட்டுக் காட்டினேன். வாங்கிப் பார்த்தார். இரண்டு பக்கமும் இழுத்தார். “ஏட்டி, இது நம்ம கழுத்துக்கட்டு மாதிரில்லா இருக்கு” என்றார்.

அப்புறம் அவர் கட்டியதைப் பார்த்தேன். பசுவின் கழுத்தில் போட்ட வளையத்துக்குள் மூன்று விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் முடிச்சை இறுக்கினார். அது இறுகாத வளையம். இறுகுகிற வளையம் போட்டால் மாடு மிரண்டு இழுக்கும்போது தொண்டையை நெரித்துவிடும். முளைக்குச்சியில் வேறு கட்டு. கயிற்றைக் கையில் இரண்டு வளையமாக மடித்தார், ஒன்றை மற்றதற்குப் பின்னால் நகர்த்தினார், இரண்டையும் சேர்த்துக் குச்சியின் தலையில் கவிழ்த்தார். கிளோவ் ஹிட்ச் என்று நான் ஒரு வாரமாகப் பெயரோடு மனப்பாடம் செய்த அதே கட்டு. அவருக்கு அது வெறும் கட்டுதான். வழுவழுப்பான குச்சியில் மாடு சுற்றிச் சுற்றி வந்தால் அது நெகிழும் என்பதால் கூடவே ஒரு அரைமுடிச்சும் போட்டார்.

தொழுவத்துக்குள் மூன்றாவது தினுசு. குறுக்குக் கம்பில் கட்டும்போது முனையை முழுதாக இழுத்துவிடாமல் மடித்துச் செருகி, ஒரு காது தொங்க விட்டார். ஏன் என்று கேட்டேன்.

“ராத்திரி தீப் பிடிச்சா, பாம்பு வந்தா? ஒரே இழுப்புல எல்லாத்தையும் அவுத்து விடணும்லா. வால் விட்டுக் கட்டு. அவுக்க முடியாத கட்டு கட்டே இல்ல.”

நான் அந்தக் காதைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். கயிறு அப்படியே கீழே விழுந்தது, பசு திரும்பிப் பார்த்தது. நல்ல நாளில் மாட்டை அவிழ்த்துவிட்டாயே என்று பெரியம்மா உள்ளேயிருந்து சத்தம் போட்டாள்.

18 ஜனவரி, சனி

வாழைத்தார் ஏற்றிய லாரியில் தார்ப்பாய் கட்டுவதை ஓரமாக நின்று பார்த்தேன். லோடுமேன் அண்ணன் கயிற்றை மேலிருந்து வீசினார், நடுக்கயிற்றில் ஒரு முறுக்குப் போட்டுக் காது எடுத்தார், முனையைக் கீழே கொக்கியில் கொடுத்து, திரும்ப மேலே அந்தக் காதுக்குள் விட்டு, உடம்பைச் சாய்த்துக் கீழ்நோக்கி இழுத்தார். தார்ப்பாய் டமாரம்போல் விறைத்தது. முழுவதும் ஐந்து விநாடி இருக்காது. மெதுவாக ஒரு முறை காட்டச் சொன்னேன். மெதுவாக அவருக்கு வரவில்லை. கை நின்று நின்று யோசித்தது. மறுபடி வேகமாகச் செய்தார், நான் செல்போனில் பிடித்துக்கொண்டேன்.

கணக்குப்படி கைவிசை மூன்று மடங்காக வேண்டும். கயிறும் கயிறும் உரசுவதால் அவ்வளவு கிடைக்காது, ஆனாலும் தனியாளாக நான் இழுப்பதைவிட எவ்வளவோ இறுகுகிறது. கனூவைக் காரில் கட்ட இதுதான். நடுவில் இரண்டு பட்டை, அதோடு முன்னும் பின்னும் பம்பர் பக்கம் இறக்கி ஒவ்வொரு கயிறு. நைலான் நைலானில் உரசினால் சூட்டில் உருகித் தேயும். கட்டுவதற்கு முன் காது விழும் இடத்தைத் தடவிப் பார்க்க வேண்டும்.

21 ஜனவரி

கரண்ட் போனது. இருட்டில் பவ்லைன்: பத்துக்கு ஏழு.

25 ஜனவரி, சனி. உவரி

இரண்டு கயிறுகளை இணைக்க எதை நம்புவது என்ற என் கேள்விக்கு இன்று பதில் கிடைத்தது.

கடற்கரையில் ஃபைபர் படகுகள் வரிசையாகக் கிடந்தன. ஒரு கட்டுமரமும் இருந்தது. ஆணி கிடையாது, மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது. கட்டுமரம் என்ற நம் சொல்தான் இங்கிலீஷில் கேட்டமரான் ஆனது. கடலுக்குப் போகிற ஒன்றுக்குக் கட்டு என்பதையே பெயராக வைத்தவர்கள் ஊரில் நிற்கிறேன் என்று சிலிர்ப்பாக இருந்தது.

படகு நிழலில் ஒரு அண்ணாச்சி கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு கிழிசல் முடைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்காரலாமா என்று கேட்டேன். நகர்ந்து இடம் கொடுத்தார். நூல் சுற்றிய ஊசி மேல் கண்ணிக்குள் அடியிலிருந்து ஏறும், கண்ணியின் இரண்டு காலையும் பின்னால் வளைத்து வரும், தன் நூலுக்கு அடியிலேயே நுழையும். கட்டைவிரல் நகத்தால் அந்த இடத்தை நசுக்கிப் பிடித்து ஒரு வெட்டு இழுப்பு. முடிச்சு. அடுத்த கண்ணி.

பத்து முடிச்சு பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. உடும்பு! உள்ளிருந்து வந்து, பின்னால் சுற்றி, திரும்ப நுழைகிறது. பவ்லைனில் ஒரே கயிறு தன்னையே பிடித்துக்கொள்கிறது. வலையில் நூல் கண்ணியைப் பிடிக்கிறது. உருவம் ஒன்றேதான். இரண்டு கயிறுகளை இணைக்கும் ஷீட் பெண்ட் என்பதும் இதுவே.

என் இரண்டு கயிறுகளையும் எடுத்து நீட்டி, வெள்ளத்தன்று நடந்ததைச் சொன்னேன். அண்ணாச்சி சிரிக்கவில்லை. தடித்த கயிற்றை மடித்துக் காது ஆக்கினார். மெல்லியதை அதற்குள் ஏற்றிச் சுற்றிச் செருகினார். அப்புறம் இன்னொரு சுற்றும் சுற்றிச் செருகினார். “இது வழுக்குக் கயிறும்மா. ஒரு சுத்து போதாது, ரெண்டு போடணும்.” இரண்டு வாலும் ஒரே பக்கம் வருகிறதா என்று பார்க்கச் சொன்னார். என் கையில் கொடுத்து, எதிர்முனையைத் தானே பிடித்து, மணலில் குதிகாலை ஊன்றி இழுத்தார். நானும் இழுத்தேன். நின்றது.

ஐந்து முறை கட்ட வைத்தார். ஐந்தாவதைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு வலைக்குத் திரும்பினார்.

8 பிப்ரவரி, சனி. தோப்பு

காரையாறு போகலாமா என்று தம்பி கேட்டான். அது புலிகள் காப்பகம், அணையில் முதலையும் உண்டு, வேண்டாம். ஊர்க் குளமே போதும். மழைக்குப் பிறகு நிறைந்து கிடக்கிறது, கீழே பிசானப் பருவ நெல் பச்சை. மீன் குத்தகைக்காரரிடம் பெரியப்பா சொல்லி வைத்திருந்தார். தண்ணீர் திறந்துவிடும் மடைப் பக்கமும், மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் மறுகால் பக்கமும் போகக் கூடாது என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை.

பாளையங்கோட்டையிலிருந்து கனூவைக் கட்டியது நான். வழியில் இரண்டு முறை இறங்கிப் பார்த்தேன். நெகிழவில்லை.

கூடாரத்தின் இழுகயிறுகளுக்கு டாட்லைன் ஹிட்ச். முளையைச் சுற்றி வந்த முனையால், வளையத்துக்கு உள்ளே முளைப்பக்கமாக இரண்டு சுற்று, வெளியே ஒரு சுற்று. கையால் தள்ளினால் நகரும், கயிறு இழுத்தால் பிடித்துக்கொள்ளும். ராத்திரிப் பனியில் நைலான் நனைந்து தொய்ந்ததும் கூடாரமே கொஞ்சம் உட்கார்ந்துவிட்டது. தூக்கக் கலக்கத்தில் வெளியே வந்து நாலு முடிச்சையும் தள்ளிவிட்டேன். டார்ச் தேவைப்படவில்லை.

9 பிப்ரவரி, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்குக் காற்று எழுந்தது. தம்பியும் மகளும் கனூவில், இருவருக்கும் லைஃப் ஜாக்கெட். நான் கரையில். தம்பி திரும்பும்போது படகு காற்றுக்குக் குறுக்காகி, ஒரு பக்கம் தண்ணீர் ஏறிக் கவிழ்ந்தது. கரையிலிருந்து இருபது மீட்டருக்கு மேல். இரண்டு பேரும் படகைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். மகள் சிரித்துக்கொண்டிருந்தாள், அது கேட்டது. ஆனால் தம்பிக்கு அடியில் சேறு, கால் ஊன்ற முடியவில்லை. காற்றோ மறுகால் பக்கமாகத் தள்ளியது.

என் கையில் மிதக்கும் கயிறு 15 மீட்டர். எட்டாது. தோளில் கூடாரக் கயிறு இருந்தது. தடித்ததை மடி, மெல்லியதை ஏற்று, சுற்று, செருகு, இன்னொரு சுற்று, செருகு. வால் இரண்டும் ஒரே பக்கம். மிதக்கும் முனையில் ஒரு பவ்லைன், அதில் பாதி தண்ணீர் நிரப்பிய பாட்டில். மறுமுனையைக் கரையிலிருந்த உடைமரத்தில் கட்டிவிட்டு வீசினேன். முதல் வீச்சு குறைந்தது. இரண்டாவது வீச்சில் தம்பி வளையத்தைப் பிடித்து மகளின் தோளுக்குக் கீழே மாட்டினான். இழுத்தேன். அவள் வந்துவிட்டாள். அடுத்த வீச்சில் படகின் அணியத்தை, அதாவது முன்நுனியை, அவன் வளையத்தில் கோத்தான். தண்ணீர் நிறைந்த படகு கல்லைப்போல் கனத்தது. பெரியப்பாவும் ஓடிவந்து பிடித்தார். இரண்டு கயிறும் சேர்ந்த இடம் தண்ணீரைவிட்டு எழுந்து, விறைத்து, சொட்டச் சொட்ட என் முன்னால் வந்தது. நான் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் கரையேறிய பிறகு மகள் நனைந்த சட்டையோடு உட்கார்ந்து முடிச்சுகளை எடுத்தாள். பவ்லைனின் முதுகைக் கட்டைவிரலால் பின்னுக்கு மடக்கினாள், நெகிழ்ந்தது. இணைப்பு இறுகிப்போயிருந்தது. பெரியப்பா வாங்கி, தடித்த கயிற்றின் மடிப்பை முன்னும் பின்னும் நெளித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார். வாலைப் பிடித்து அவள் இழுத்தாள். இரண்டு கயிறும் தனித்தனியாயின.

இப்போது பாளையங்கோட்டை வீட்டு மாடிக் கொடியில் காய்கின்றன. நாளை அத்தை வீட்டுக்குப் போகும்போது இரண்டையும் எடுத்துப்போக வேண்டும். மாமாவே கட்டிப் பார்க்க வேண்டுமாம்.